ஐந்து பேப்பரிலும் மதகு கிழக்கே

ஆகஸ்ட் 3, சனி

வக்கீல் பூங்கோதை சொன்னதால் இன்று முதல் எழுதி வைக்கிறேன். எழுதி வைக்கிறேன் என்பது பேச்சுக்குத்தான். எனக்கு எழுத்து வாசனை கிடையாது, கைநாட்டு. நான் சொல்லச் சொல்ல, கீழே டைப்பிங் கடை வைத்திருக்கும் மெகராஜ் நோட்டில் எழுதுகிறார். மத்தியானம் கரண்ட் போகும்போது அவருக்கு வேலை இருக்காது, அந்த நேரம் எனக்கு. நான் பேசுகிறபடியே எழுதினால் கோர்ட்டில் சிரிப்பார்களாம், கொஞ்சம் திருத்தித்தான் எழுதுவாராம். விஷயம் மாறாமல் இருந்தால் சரி.

என் பேர் அய்யாவு, வயது எழுபத்தொன்று. கடைவீதி மாடியில் இருக்கும் நிருபர் அறையை நாற்பது வருடமாகக் கூட்டிப் பெருக்குகிறேன், தண்ணீர் பிடித்து வைக்கிறேன், போன் வந்தால் எடுக்கிறேன். படுக்கையும் அங்கேயேதான்.

இந்த ஊரில் ஐந்து பத்திரிகைக்கு ஐந்து நிருபர்கள். வெளியில் பார்த்தால் ஐந்து பேரும் போட்டி. உள்ளே ஒரே பாத்திரத்தில் சமைக்கிறவர்கள். கோர்ட்டுக்கு ஒருவர், ஆஸ்பத்திரிக்கு ஒருவர், போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒருவர், யூனியன் ஆபீசுக்கு ஒருவர், கிராமங்களுக்கு ஒருவர் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அறையில் கூடி, போய் வந்தவர் வாசிப்பார், மற்ற நால்வரும் எழுதிக்கொள்வார்கள். மறுநாள் ஐந்து பேப்பரிலும் ஒரே செய்தி வரும். எழுதியவர் பேர் இருக்காது, 'நமது நிருபர்' என்று இருக்கும். சோம்பேறிப் பயல்கள் என்று ஊரில் பேசுவதுண்டு. எல்லோருக்கும் மூத்தவரான ஹரிதாஸ் வேறு காரணம் வைத்திருக்கிறார்: "அஞ்சு பேரா எழுதுனா, அடிக்க வர்றவன் எவனைத் தேடுவான்?"

எழுதத் தெரிந்தவர்கள் நோட்டில் எழுதிவிட்டு நிம்மதியாக மறந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. பாலத்தில் பஸ் கவிழ்ந்தது எந்த வருடம், தியேட்டர் எரிந்தபோது யார் தாசில்தார், எது வேண்டுமானாலும் என்னிடம்தான் கேட்பார்கள். ஐவரில் ஒருவரான தேவசகாயம் என்னை 'லைப்ரரி' என்றே கூப்பிடுவார். வக்கீலம்மா மட்டும் வேறு மாதிரி சொல்கிறார். "உங்க ஞாபகம் கோர்ட்ல நிக்காதுங்க. யாரு வந்தாங்க, என்ன பேசுனாங்க, தேதி போட்டு எழுதி வைங்க."

நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை 29, திங்கட்கிழமை. கிராமங்களுக்கு குணசீலன் முறை. ஏரியில் மீன் செத்து மிதக்கிறது என்று போன் வந்தது. குணசீலன் போய்ப் பார்த்தார். ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் ராவோடு ராவாக மதகை ஒட்டிக் குழாய் பதித்துக் கழிவை ஏரியில் இறக்கியிருக்கிறார்கள். ஐந்து மணிக்கு வாசித்தார். செவ்வாய்க்கிழமை ஐந்து பேப்பரிலும் வந்தது. வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, ரயில்வே கேட் பக்கம், தன் பத்திரிகைக்கு ஏஜெண்டாகவும் இருப்பதால் பேப்பர் கட்டோடு பைக்கில் வந்த குணசீலனை மூன்று பேர் மறித்து இரும்புக் குழாயால் அடித்தார்கள். வலது மணிக்கட்டும் இரண்டு விரல்களும் முறிந்துவிட்டன. எழுதுகிற கை.

ஐந்து பேரில் இவரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது யாருக்கும் விளங்கவில்லை.

மெகராஜ் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "திங்க, செவ்வா, வியாழன். நடுவுல புதன் என்னாச்சு பெரியவரே?"

புதன்கிழமை ஒன்றும் இல்லை என்றேன். கரண்ட் வந்துவிட்டது.


ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் அறையைக் கழுவிவிட்டேன். பிறகு ஹரிதாஸ், தேவசகாயத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் குணசீலனைப் பார்த்தேன். கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. பக்கத்தில் அவர் மனைவி தமயந்தி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

குணசீலன் அடிபட்ட செய்தி வெள்ளிக்கிழமை அவருடைய பேப்பரிலும் வந்திருந்தது. அந்தப் பேப்பருக்கு இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. ஆகவே வியாழக்கிழமை சாயங்காலம் கட்டுப் போட்டதும் அவரே சேலம் ஆபீசுக்குப் போன் போட்டு, தான் அடிபட்ட செய்தியைத் தானே சொல்லியிருக்கிறார்.

"அடிபட்டவர் பேரு என்னன்னு கேட்டாங்கண்ணே. குணசீலன்னேன். இனிஷியல் என்னன்னாங்க. உங்க நிருபருதாங்க நானு, என் இனிஷியல் உங்ககிட்டயே இருக்குமேன்னேன். அப்படியா, சரி சொல்லுங்கன்னாங்க."

தேவசகாயம் பேப்பரை விரித்து வாசித்தார். 'வாலிபர் மீது மர்ம நபர்கள் தாக்குதல்.' நிருபர் என்ற சொல்லும் இல்லை, ஆலை என்ற சொல்லும் இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்த ஆலை முழுப்பக்க விளம்பரம் கொடுக்கும். அதை வாங்கி அனுப்புவதும் குணசீலன்தான்.

"நாப்பத்தாறு வயசுல வாலிபராக்கிட்டாங்க பாரு," என்றார் தேவசகாயம். "வரன் பாத்துருவமா?"

"பாருங்கண்ணே," என்றார் தமயந்தி, தலையைத் தூக்காமல். "எலும்பு கூடுனதும் அனுப்பி வெக்கறேன்."

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் குணசீலன் என்னைப் பார்த்தார். "அண்ணே, தினமும் நான் மெயின் ரோட்டுலதான் வருவேன். வியாழக்கிழமை சந்தைக் கூட்டத்துக்காகத்தான் கேட்டு வழியா வர்றது. அது அவனுங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சுது?"

தலையணை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதைச் சரி செய்தேன்.


ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று காலை வார்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அடித்தவர்கள் மறுபடி வராமல் பார்த்துக்கொள்ள என்று தமயந்தி நினைத்து, காபி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவரும் குடித்துவிட்டு விவரம் சொல்லியிருக்கிறார். வந்திருப்பது குணசீலனைப் பிடித்துப் போக. டாக்டர் எப்போது வெளியே அனுப்புகிறாரோ அப்போது.

ஆலைக்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். வக்கீல் பூங்கோதை நகலை வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்து, எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து வாசித்தார். ஜூலை 31, புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு குணசீலன் ஆலை ஆபீசுக்குப் போனாராம். மேனேஜர் உலகநாதனிடம் பணம் கேட்டு, தராவிட்டால் இன்னும் எழுதுவேன் என்று மிரட்டினாராம். அதுவரை ஏரிச் செய்தியை எழுதியவர் யார் என்றே ஆலையில் யாருக்கும் தெரியாதாம். மறுநாள் பைக்கிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டு பழியை ஆலை மேல் போடுகிறாராம்.

"வெள்ளிக்கிழமை சேலத்துல முன்ஜாமீன் மனு வருது," என்றார் வக்கீல். "புதன் நாலு மணிக்கு அவர் எங்க இருந்தார்னு கேட்டேன். ஏதோ கிராமத்துக்கு நடுவுல தனியா பைக்ல வந்துட்டிருந்தாராம். சாட்சி கிடையாது. மனு தள்ளுபடியானா கட்டுப் போட்ட கையோட ஜெயில்தான். பணம் கேட்டு மிரட்டுன நிருபர்னு பேரும் ஒட்டிக்கும், அப்புறம் எந்தக் கிராமத்துலயும் அவர்கிட்ட வாயைத் தொறக்க மாட்டாங்க. அடிச்ச கேஸும் அதோட செத்துரும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த வாரத்துல ஆலை ஆளுங்க யாராவது இங்க வந்து விசாரிச்சாங்களாங்கய்யா?"

"இல்லீங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"எனக்கு யோசிக்க வேண்டியதில்லீங்க."

"லைப்ரரி இல்லேன்னா இல்லதாங்க," என்றார் ஹரிதாஸ். "நாப்பது வருஷத்துல ஒரு தேதி தப்பாச் சொன்னதில்லை."

நேரம் இருப்பதால் வேறு சில தகவல்களும் எழுதி வைக்கலாம், வழக்குக்கு உதவும். நான் வந்த நாள் முதல் இந்த அறை நிருபர்களில் அடி வாங்கியவர்கள் ஏழு பேர். குணசீலனோடு எட்டு. கிணற்றில் வீசப்பட்ட கேமரா இரண்டு, தரையில் உடைக்கப்பட்டது ஒன்று. எரிக்கப்பட்ட ஸ்கூட்டர் ஒன்று, 1991 மே மாதம். மானநஷ்ட நோட்டீஸ் முப்பத்து நான்கு. 2003-இல் ஒரு கவுன்சிலர் இறந்துவிட்டதாக ஐந்து பேப்பரிலும் செய்தி வந்து, அவரே மாலையோடு மாடியேறி வந்து, அதை ஹரிதாஸ் கழுத்தில் போட்டுவிட்டுப் போனார். வயிற்றுப்புண் எல்லோருக்கும் உண்டு. கல்யாணப் பத்திரிகை வாரத்துக்குப் பத்து வரும். எல்லாவற்றுக்கும் போனால் சம்பளம் போதாது, போகாவிட்டால் அடுத்த தடவை அந்த வீட்டில் செய்தி கிடைக்காது.

மெகராஜ் கையை உதறிக்கொண்டு கேட்டார்: "இதெல்லாம் அந்த அம்மா கேட்டாங்களா?"

கேட்கவில்லை. இருந்தாலும் இருக்கட்டும் என்றேன்.


ஆகஸ்ட் 6, செவ்வாய்

மழை. போன் மூன்று வந்தது, மூன்றும் தவறான நம்பர்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு வெள்ளைக் கார் தன் கடை வாசலை அடைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றதாகவும், அந்தக் காரில் வந்தவர் மாடிக்குத்தான் ஏறினார் என்றும், அவர் யார் என்றும் மெகராஜ் கேட்டார். இதை எழுத வேண்டாம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டிருக்கிறார்.


ஆகஸ்ட் 7, புதன்

குணசீலனின் பேப்பர் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. ஹரிதாஸ் வாசித்தார். குணசீலன் எங்கள் நிறுவனத்தின் விற்பனை முகவர், நிருபராக நியமிக்கப்பட்டவர் அல்ல, அவர் அவ்வப்போது அனுப்பும் தகவல்களுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்று இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அவ்வப்போது அனுப்பியிருக்கிறார். பேர் போடாத வழக்கம் இப்போது கம்பெனிக்கு உதவுகிறது. இருபத்திரண்டு வருடப் பேப்பரையும் புரட்டினாலும் குணசீலன் என்று ஓர் இடத்தில் கிடைக்காது, வாலிபராக வந்த வெள்ளிக்கிழமை தவிர.

"நமது நிருபர், நமது நிருபர்னு தெனமும் போடறாங்களே, அது யாராம்?" என்றார் தேவசகாயம். ஹரிதாஸ் கடிதத்தை மடித்து உறையில் போட்டார்.

மூன்று மணிக்கு தமயந்தி தனியாக வந்தார். குணசீலனின் பழைய குறிப்பு நோட்டுகளை எடுத்துவரச் சொல்லி வக்கீல் அனுப்பியிருக்கிறார். நான் அலமாரியைத் திறந்து கொடுத்தேன். நோட்டுகளைப் பையில் அடுக்கிவிட்டு, போகாமல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அண்ணே, நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். வியாழக்கெழம கேட்டு வழியா வர்றது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

"ஊருக்கே தெரியும்மா."

"ஊருக்குத் தெரியாதுண்ணே. எங்க மாமியாருக்கே தெரியாது."

அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. துணைக்கு ஒரு ஆள் சேர்த்து யோசிக்கத்தான் வந்தார். அதுதான் தாங்கமுடியாமல் போயிற்று. டீ வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கினேன். திரும்பி வந்தபோது அவர் போயிருந்தார். இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

சின்னப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரோ உங்கப்பா திருடனா என்று கேட்டுவிட்டார்களாம். இதைப் போகும்போது தமயந்தி மெகராஜிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை.


ஆகஸ்ட் 8, வியாழன்

விடியும் முன்பே எழுந்துவிட்டேன். மெகராஜ் கடை திறக்கும் வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் இருந்தது. இருந்தாலும் மிஷினை நிறுத்திவிட்டு நோட்டை எடுக்கச் சொன்னேன். புதன்கிழமையை எழுதுங்கள் என்றேன். அவர் பேனாவைத் திறந்தார்.

ஜூலை 31, புதன். மூன்றரை மணி. அறையில் நான் மட்டும். ஆலை மேனேஜர் உலகநாதன் மாடியேறி வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றினார். அந்த அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவரை நான் பார்த்ததே இல்லை.

"நீங்கதான் அய்யாவுங்களா? பழைய விஷயம்னா உங்களைக் கேக்கணும்னு ஊரெல்லாம் சொல்றாங்க," என்றார். ஏரி முதல்தடவை உடைந்தது எந்த வருடம் என்று கேட்டார். சொன்னேன். அப்போது ஆலை இருந்த இடத்தில் யார் மரவள்ளி போட்டிருந்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். நாற்பது வருடமாக என்னிடம் கேட்கிறவர்கள், பதில் கிடைத்ததும் எழுந்து போய்விடுவார்கள். இவர் போகவில்லை. உட்கார்ந்து கேட்டார்.

பிறகு பையிலிருந்து ஐந்து பேப்பரையும் எடுத்து மேசையில் பரப்பினார். கோபமாக இல்லை, விளையாட்டாகத்தான் சொன்னார்.

"ஒரு வேடிக்கை பாருங்க. ஏரிக்குக் கிழக்கே இருக்கும் மதகுன்னு அஞ்சு பேப்பர்லயும் போட்டிருக்கு. மதகு மேற்கேங்க. அஞ்சு பேரும் வந்து பாத்திருந்தா அஞ்சு பேருமா தப்பாப் பாப்பாங்க? அய்யா மாதிரி ஒருத்தர் இங்க இருந்தும் இப்படித் தப்பு வருதே."

அது எனக்குச் சுருக்கென்று இருந்தது. தப்பு என் மேல் வந்துவிட்ட மாதிரி.

"அது குணசீலன் தப்புங்க," என்றேன். "அவருக்குச் சின்ன வயசுலருந்தே தெசை தெரியாது. எங்க நின்னாலும் தன் மூஞ்சிக்கு நேரா இருக்கறதைக் கெழக்குன்னுருவாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா திருத்தியிருப்பேன்."

சொல்லி முடித்தபிறகும் எனக்கு உறைக்கவில்லை. தப்பைத் திருத்திவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன்.

"அட, குணசீலனா," என்றார். "நம்ம விளம்பரம் வாங்க வர்றவருதானுங்களே. அவர் மேல கோவமெல்லாம் இல்லைங்க. எங்க அண்ணன் பொண்ணுக்குக் கல்யாணம். நேர்ல பாத்துப் பத்திரிகை வெக்கணும். காலைல எங்க பிடிக்கலாம்?"

நாளைக்கு வியாழன், சந்தை, மெயின் ரோட்டில் வரமாட்டார், ஆறரைக்குப் பஸ் ஸ்டாண்டில் கட்டு எடுத்து, ஆறே முக்காலுக்கு ரயில்வே கேட்டைத் தாண்டுவார் என்றேன். பைக் நிறம் வரைக்கும் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன்.

நாலேகாலுக்குப் பெண்கள் பள்ளிக்கூடம் விட்டது. தெருவெல்லாம் பிள்ளைகள், காரை எடுக்க முடியவில்லை. மறுபடி மேலே வந்து உட்கார்ந்தார். நாலே முக்காலுக்குப் போனார். ஆகவே நான்கு மணிக்கு அவர் ஆலையில் இல்லை, என் எதிரில் இருந்தார். ஆலை இங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்.

அடிபட்ட அன்றே எனக்குத் தெரியும். சனிக்கிழமை இந்த நோட்டை ஆரம்பிக்கும்போதும் தெரியும். தெரியாத மாதிரி எழுதச் சொன்னேன்.

மெகராஜ் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். "என் ஷட்டரை அடைச்சு நின்னதால அந்தக் கார் நம்பரை அன்னிக்கே குறிச்சு வெச்சிருக்கேன்," என்றார். "நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

நோட்டோடு இருவரும் வக்கீல் ஆபீசுக்குப் போனோம். பூங்கோதை ஒரே மூச்சில் வாசித்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது, பிறகு என்னைப் பார்த்ததும் கொஞ்சம் குறைந்தது.

"மூன்றரைக்கு வந்தார், நாலே முக்காலுக்குப் போனார், அது மட்டும் எழுதினாப் போதாதுங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு வந்தார்னு கேப்பாங்களேங்கய்யா. நீங்க என்ன சொன்னீங்கன்னும் கேப்பாங்க. பாதி எழுதினா முழுசும் பொய்யாயிரும்."

"அப்ப குணசீலனுக்கு நீங்களே சொல்லிருங்க."

"அதை நான் சொல்ல முடியாதுங்க," என்றார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போலீஸ்காரர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். உட்காராமல் நின்றபடியே சொன்னேன், ஒன்றும் விடாமல். பேர் சொன்னதை, நேரம் சொன்னதை, பைக் நிறத்தை. சனிக்கிழமையிலிருந்து மறைத்ததை.

குணசீலன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மதகு மேற்கேயா அண்ணே?" என்றார்.

"மேற்கேதான்."

"அஞ்சு பேப்பர்லயும் தப்பா வந்துருச்சே," என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தமயந்தி என்னோடு வார்டு வாசல் வரை வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தக் கல்யாணப் பத்திரிகையை உங்ககிட்டக் காட்டவாவது காட்டினானாண்ணே?"

"இல்லம்மா."

"நீங்க கேக்கவும் இல்லை."

"கேக்கலை."

தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.


ஆகஸ்ட் 9, வெள்ளி

இதை இரவில் சொல்கிறேன், மெகராஜ் வீட்டுக்குப் போகாமல் இருந்து எழுதுகிறார்.

காலையில் வக்கீல் ஆபீசில் என் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார்கள். இடது கட்டைவிரலில் மை தடவி வைத்தேன். மெகராஜும் கார் நம்பரோடு ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சேலம் கோர்ட்டில் பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.

அரசாங்க வக்கீல் எழுந்து, எழுதப் படிக்கத் தெரியாத எழுபத்தொரு வயதுக்காரரின் ஞாபகத்தை எப்படி நம்புவது, நிருபர்கள் தங்கள் வேலைக்காரருக்குச் சொல்லிக் கொடுத்ததாக ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் கடைசி வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பூங்கோதை இந்த நோட்டை எடுத்தார். செவ்வாய்க்கிழமையை மட்டும் நீதிபதிக்கு வாசித்துக் காட்டினார். வெள்ளைக் காரைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான் சொன்னதும், அதையும் மெகராஜ் எழுதியதும். "சொல்லிக் கொடுத்த சாட்சியா இருந்தா முதல் நாளே சொல்லியிருப்பார், கனம் கோர்ட்டார் அவர்களே. இவர் அஞ்சு நாள் மறைச்சிருக்கார்," என்றார்.

நீதிபதி நோட்டை வாங்கித் தானே ஒரு முறை வாசித்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இதை எழுதினது யார்?" என்று கேட்டார். மெகராஜ் கையைத் தூக்கினார்.

முன்ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். மேனேஜர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று போலீஸ் விசாரித்து இரண்டு வாரத்தில் அறிக்கை தர வேண்டுமாம். உண்மையைச் சொன்ன வியாழக்கிழமையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் மறைக்கப் பார்த்த செவ்வாய்க்கிழமையை நம்பித்தான் குணசீலனை விட்டார்கள்.

நான்கு மணிக்கு வார்டு வாசலில் இருந்த நாற்காலி காலியாகிவிட்டது. குணசீலன் நாளை வீட்டுக்குப் போகலாம்.

ஐந்து மணிக்கு அறையில் நான்கு பேரும் கூடினார்கள். யாரும் என்னோடு பேசவில்லை. நான் தண்ணீர் வைத்தேன், எடுத்துக் குடித்தார்கள். கோர்ட் செய்தியை ஹரிதாஸ் வாசித்தார். வாக்குமூலம் கொடுத்தது யார் என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

"பேரைப் போடுவோம்," என்றார். "வயசும் போடுவோம். ஊர் தெரிஞ்சுக்கட்டும்."

"போடலாம்," என்றார் தேவசகாயம். இந்தத் தடவை அவர் லைப்ரரி என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு குணசீலனையும் கேட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"செய்தி கொடுத்தவர் பேரை நாம என்னிக்கு வெளிய சொல்லியிருக்கோம்?" என்றார் குணசீலன். "அந்த வழக்கத்தை இன்னிக்கு எதுக்கு மாத்தணும்? வழக்கமாப் போடுறதைப் போடுங்க."

ஹரிதாஸ் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். மற்ற மூவரும் எழுதிக்கொண்டார்கள், குணசீலனின் பேப்பருக்கும் ஒரு நகல் எடுத்தார்கள். என்ன எழுதினார் என்று வாய்விட்டு வாசிக்கவில்லை. தாளைக் கைமாற்றிக்கொண்டார்கள்.


ஆகஸ்ட் 10, சனி

காலையில் குணசீலனின் பேப்பர் ஆபீசிலிருந்து போன். எங்கள் நிருபர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். யார் என்று கேட்டேன். நமது நிருபர் குணசீலன் என்றார்கள். வீட்டில் இருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஐந்து மணிக்குக் குணசீலனே கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு மாடியேறி வந்தார். மற்ற நால்வரும் எழுந்து நின்றார்கள். நான் அவருக்காக நாற்காலியைத் துடைத்தேன். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கிவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

"அண்ணே," என்றார். "அடுத்த வாரம் யாருக்கு எந்த முறைன்னு பேசணும். நீங்க கொஞ்சம் கீழ போய் உக்காந்திருங்க."

"சரிங்க," என்றேன்.

நான் வெளியே வந்ததும் தேவசகாயம் கதவைச் சாத்தினார். நாற்பது வருடத்தில் ஐந்து மணிக்கு அந்தக் கதவைச் சாத்தியதில்லை. துருப்பிடித்த தாழ்ப்பாளை உள்ளே இரண்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு விழுந்தது.

கீழே மெகராஜ் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் மிஷினை நிறுத்தினார். ஐந்து பேப்பரும் மேசையில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். ஐந்திலும் ஒரே வரிதான். சம்பந்தப்பட்ட நேரத்தில் மேனேஜர் ஆலையில் இல்லை என்பது நம்பத்தகுந்த வட்டாரங்கள் மூலம் தெரியவந்துள்ளது.

"வட்டாரம்னா இங்க நீங்கதான் பெரியவரே," என்றார் மெகராஜ். சிரிக்காமல் சொன்னார்.

மாடியில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. பேச்சு கேட்கவில்லை. இன்னொரு தடவை வாசிக்கட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம், ஞாபகம் இருக்கும் என்றேன்.